ஏரிக்கரை கோல்ஃப் கிளப் குடியிருப்பில் வீடு: முன்பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

#1 நீர்முள்ளி

மறுவிற்பனைக்கு வந்திருக்கும் ஒரு வீடு பற்றி. கோல்ஃப் மைதானமும் ஏரியும் சேர்ந்த குடியிருப்பு. பக்கவாட்டில் ஏழாவது குழியின் ஃபேர்வே, அதாவது முதல் அடிக்கும் குழிக்கும் நடுவில் வெட்டிவைத்த புல்வெளி. டீயிலிருந்து (முதல் பந்தை அடிக்கும் மேடை) ஃபேர்வேயைப் பார்த்து நின்றால் வீடு வலப்பக்கம் வரும், தூரம் சுமார் 210 கஜம். பின்னால் ஏரியின் ஒரு கிளை, தனிப் படகுத்துறை உண்டு. கிளப் மெம்பர்ஷிப் "வீட்டோடவே வருது" என்கிறார் முகவர். வாங்குபவர்கள் யாரும் கோல்ஃப் ஆடுபவர்கள் அல்ல, ஏரிக்காகத்தான் இந்த இடம்.

கூரை, அஸ்திவாரம், பிளம்பிங் பார்க்க ஆள் பேசியாச்சு. அதற்கு வெளியே எதைப் பார்ப்பது?

#2 வில்லங்கம்பார்

"வீட்டோடவே வருது" என்று ஒருவர் சொன்னால் அது சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது கடமை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மூன்று கேள்விகள். ஏரி யார் பெயரில் இருக்கிறது? மைதானம் யார் பெயரில்? கிளப் யார் பெயரில்? விளம்பரப் படத்தில் மூன்றும் ஒரே சொத்து மாதிரி தெரியும். பதிவு அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தால் ஏரி ஒரு மின் நிறுவனத்திடமோ அரசுத் துறையிடமோ இருக்கும், மைதானம் டெவலப்பரின் தனிக் கம்பெனியிடம், கிளப் கட்டடம் வங்கி அடமானத்தில். குடியிருப்புச் சங்கத்துக்குச் சொந்தமாக இருப்பது தெருவும் தெருவிளக்கும் வாசல் கேட்டும்தான் என்ற நிலையும் உண்டு.

ஏன் இது முக்கியம்? அமெரிக்காவின் நெவாடாவில் லேக் லாஸ் வேகஸ் என்று ஒன்று, 320 ஏக்கர் செயற்கை ஏரி, அதைச் சுற்றி மைதானங்கள், வீடுகள். டெவலப்பர் 2008இல் திவால் மனு போட்டார். அடுத்தடுத்து இரண்டு கோல்ஃப் மைதானங்கள் மூடப்பட்டன. அதில் ஒன்று 2014இல் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் "ஃபேர்வே பார்த்த வீடு" என்று வாங்கியவர்கள் பார்த்தது காய்ந்த புல்லை.

ஆகவே மைதான நிலத்தின் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் உங்கள் வீட்டுப் பத்திரத்துக்கு இணையாக எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தேட வேண்டியது ஒரே விஷயம்: இந்த நிலத்தைக் கோல்ஃபுக்கோ திறந்தவெளிக்கோ மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை பதிவாகியிருக்கிறதா, அதற்குக் காலவரம்பு உண்டா, அதை நீக்க யார் கையெழுத்து போதும். மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சை அடித்து "திறந்தவெளி" என்று எழுதியிருப்பது எல்லா இடத்திலும் அந்த நிபந்தனைக்குச் சமம் ஆகாது. அதேபோல, காட்சிக்கு உரிமை என்று தனியாக எழுதித் தராதவரை, எதிரில் நாளைக்கு வரிசையாக மரம் நட்டாலும் பொதுவாகக் கேட்க முடியாது.

#3 புல்வெட்டி

வலப்பக்கம், 210 கஜம். இந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தாலே மைதானத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஆடுபவர்களில் பெரும்பாலானோர் வலக்கைக்காரர்கள். அவர்களின் பொதுவான பிழை ஸ்லைஸ், பந்து வலப்பக்கமாக வளைந்து ஓடும். சாதாரண ஆட்டக்காரரின் டிரைவ் (டீயிலிருந்து அடிக்கும் முதல் நீள அடி) 180 முதல் 250 கஜத்துக்குள் விழும். ஆக, டீயிலிருந்து பார்த்தால் வலதுபுறம், அந்தத் தூரத்துக்குள் இருக்கும் வீடு பந்து பொறுக்கும் வீடு. பந்து 45.93 கிராம் வரை இருக்கும், டிரைவர் மட்டையில் கிளம்பும்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஓடு உடையும், ஜன்னல் உடையும், குழந்தை விளையாடும் இடம் என்றால் அதைவிட மோசம்.

விற்பவரிடம் கேட்காதீர்கள், சுவரைக் கேளுங்கள். ஃபேர்வே பக்கச் சுவரில் வெயில் சாய்வாக அடிக்கும் நேரத்தில் ஒட்டி நின்று பாருங்கள். நாலணா அளவுக்கு வட்டப் பள்ளங்கள், புதுப் பூச்சு ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியும். மழைநீர்க் குழாய், கூரைத் தகரம், ஏசி வெளி யூனிட்டின் துடுப்புகள், இவற்றில் நசுங்கல். ஒரே பக்கத்தில் மட்டும் கண்ணாடி புதிதாக இருந்தால் அதுவும் பதில்தான். வேலிச் செடிக்கு அடியில் கையை விட்டால் பந்து வரும்.

பிறகு சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு நாற்காலியை அந்தப் பக்கம் போட்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். எண்ணுங்கள். தலைக்கு மேல் கூரை இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

இன்னொரு முறை வேலைநாளில் விடியும் முன் போய் நில்லுங்கள். கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான தரை) புல் 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கணும், அதனால் சீசனில் தினமும் வெட்டுவார்கள், முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் முடித்தாகணும். வீட்டுப் பக்கத்தில் கிரீனோ டீயோ இருந்தால் அந்த இயந்திரம்தான் உங்கள் அலாரம். ஃபேர்வே ஓரம் மட்டும் என்றால் அவ்வளவு தொல்லை இல்லை. பராமரிப்புக் கொட்டகை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்: டீசல், உரம், பூச்சிமருந்து எல்லாம் அங்கேதான். காற்றடிக்கும் திசையில் அது இருந்தால் யோசிக்கணும்.

#4 ஒன்பதாம்குழி

#3 சொல்வது சரி, ஆனால் 210 கஜம் எந்த டீயிலிருந்து? ஒரு குழிக்கு நாலைந்து டீ இருக்கும். பின் டீயிலிருந்து 210 என்றால் முன் டீயிலிருந்து 150கூட இருக்கலாம். அங்கிருந்து ஆடுபவர்களின் பந்து உங்களைத் தாண்டித்தான் போகும். மைதானத்தின் ஸ்கோர்கார்டை வாங்கி எல்லா டீக்கும் தூரம் கணக்குப் போடுங்கள். குழி நேராகப் போகிறதா, வளைகிறதா என்பதும் உண்டு. வலப்பக்கம் வளையும் குழியில் (டாக்லெக் என்பார்கள்) உள்மூலையில் வீடு இருந்தால், ஸ்லைஸ் ஆகிற பந்தோடு, மூலையை வெட்டிக் குறுக்கே அடிக்கிற பந்தும் சேர்ந்து வரும்.

வெள்ளைக் கம்புகள் எங்கே நட்டிருக்கு என்று பாருங்கள். அதுதான் ஆட்ட எல்லை. அது உங்கள் மனை எல்லையும் ஆகணும் என்று இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுப் புல்வெளி இருந்தால் அதை யார் வெட்டுவது, அங்கே வேலி போடலாமா என்பதில்தான் பாதிச் சண்டை. 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான். ஆனால் விலை உயர்ந்த பந்து என்றால் மனுஷன் விதியைப் பார்க்கமாட்டான், உங்கள் ரோஜாச் செடிக்குள் நிற்பான்.

பந்து விழுந்தால் கேஸ் போடலாமே என்பார்கள். மாசசூசெட்ஸில் ஒரு வீட்டில் சில வருடங்களில் 600க்கும் மேற்பட்ட பந்துகள் விழுந்து வழக்கானது. நடுவர் குழு (ஜூரி) வீட்டுக்காரருக்குப் பெரிய இழப்பீடு கொடுத்தது. 2022 டிசம்பரில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், அந்தக் குடியிருப்பின் பதிவான நிபந்தனைகளிலேயே மைதானத்தை நியாயமான முறையில் நடத்தும் உரிமை கிளப்புக்கு எழுதித் தரப்பட்டிருந்தது. நடுவர்களுக்கு அதைச் சரியாக விளக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. நீங்கள் கையெழுத்துப் போடும் தாளிலும் அப்படி ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். வில்லங்கம்பார் அண்ணன் சொல்லட்டும்.

#5 வில்லங்கம்பார்

இருக்கும். "பந்து, ஒலி, நீர்த்தெளிப்பு, மருந்து தெளித்தல்" என்று வரிசையாகப் போட்டு, அனைத்தையும் வாங்குபவர் ஏற்கிறார் என்று முடித்திருப்பார்கள். பொதுவாக அந்த வாசகத்தை மாற்ற முடியாது. வலை கட்டவும் லேமினேட் கண்ணாடி போடவும் சங்கம் அனுமதிக்குமா என்பதை மட்டும் வாங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். டெம்பர்ட் கண்ணாடி அடிபட்டால் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், லேமினேட் விரிசல் விட்டாலும் ஜன்னல் சட்டத்திலேயே நிற்கும்.

#6 கலங்கல்

ஏரிக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று முதல் பதிவிலேயே சொல்லியும் நாலு பதிவு கோல்ஃபிலேயே போயாச்சு. தண்ணீருக்கு வருவோம்.

அது என்ன ஏரி? இயற்கை ஏரியா, அணை கட்டித் தேக்கியதா, மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய குட்டையா? மூன்றுக்கும் "லேக்ஃப்ரண்ட்" என்றே விளம்பரம் வரும்.

அணை நீர்த்தேக்கம் என்றால் முழு மட்டம் எத்தனை, வரலாற்றில் இறங்கிய குறைந்த மட்டம் எத்தனை என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் லேக் லேனியரின் கோடைக்கால முழு மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1,071 அடி. 2007 வறட்சியில், டிசம்பரில், சுமார் 1,051 அடிக்கு இறங்கியது. 20 அடி! கிளைகளில் இருந்த படகுத்துறைகள் செம்மண்ணில் உட்கார்ந்தன. விற்பனைப் படங்களில் ஏரி எப்போதும் நிரம்பித்தான் இருக்கும்.

கிளையின் வால்பகுதியில் வண்டல் சேரும். ஓடைத் தண்ணீர் அங்கேதான் வேகம் குறைந்து மண்ணைக் கொட்டும். துறையின் நுனியில் நின்று நீங்களே அளக்கலாம். அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, அடியில் ஒரு தட்டையான இரும்புத் துண்டு. மெதுவாக இறக்கினால் அது வண்டலின் மேல் உட்காரும், அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் நீளமான கம்பு ஒன்றை அழுத்திக் குத்துங்கள், கெட்டித் தரையில் முட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டலின் கனம். துறையிலிருந்து கரைவரை மூன்று நான்கு இடத்தில் அளங்கள். அன்றைய ஏரி மட்டத்தையும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. குறைந்த மட்டத்திலும் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் நிற்காத துறையில் மோட்டார் படகு கட்டுவது கஷ்டம். தூர் வார அனுமதி வாங்குவது அதைவிடக் கஷ்டம், ஏரி உங்களுடையது இல்லையே.

படகுத்துறை அனுமதி யார் பெயரில்? அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நிர்வகிக்கும் ஏரிகளில் அந்த அனுமதி வீட்டோடு கைமாறாது, புது உரிமையாளர் புதிதாக விண்ணப்பிக்கணும். மற்ற ஏரிகளில் வேறு விதி. பழைய துறை இப்போதைய அளவு விதியை மீறி நின்றால், கைமாறும்போதுதான் குடைச்சல் ஆரம்பிக்கும்.

கரைச்சுவர். அதன் பின்னால் நடந்து பாருங்கள். புல்தரையில் கிண்ணம் மாதிரி குழிந்த இடங்கள் இருந்தால், சுவர் இடுக்கு வழியாக மண் ஏரிக்குள் கரைந்து போகிறது என்று பொருள். சுவர் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, நீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏரி மட்டத்தை வேகமாக இறக்கும்போதுதான் பழைய சுவர்கள் விழும். பின்னால் ஊறிய மண்ணின் தள்ளல் அப்படியே இருக்கும், முன்னால் தாங்கிய தண்ணீர் போய்விடும்.

வெள்ளம். நூறாண்டு வெள்ளம் என்ற பெயரே ஏமாற்று. எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒன்று. தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், தரைமட்டத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சாண் உயரம்கூட காப்பீட்டு பிரீமியத்தை மாற்றிவிடும். கீழ்த்தளத்தின் உயரத்தை அளவைக்காரர் சான்றோடு வாங்குங்கள்.

கடைசியாக, அணையே உங்கள் பொறுப்பாகலாம். மிச்சிகனில் 2020 மே 19 அன்று ஈடன்வில் அணை உடைந்தது. விக்ஸம் ஏரி காலியானது, ஏரிக்கரை வீடுகள் சேற்றுக்கரை வீடுகள் ஆயின. திரும்பக் கட்டும் செலவில் ஒரு பங்கு சிறப்பு வசூலாகச் சுற்றியிருந்த சொத்துக்காரர்கள் மேல் வந்தது. உங்கள் ஏரியின் கரையை யார் பராமரிக்கிறார், கடைசி ஆய்வறிக்கை எந்தத் தேதி என்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

#7 நீர்முள்ளி

கயிறு வைத்து அளந்ததில் துறை நுனியில் 1.6 மீட்டர், கம்பு 2.3 மீட்டரில் முட்டியது. ஏரி இப்போது முழு மட்டத்தில். துறை அனுமதி விற்பவர் பெயரில் மட்டும்தான். வீட்டின் ஃபேர்வே பக்கச் சுவரில் பந்துப் பள்ளங்கள் ஏழு எண்ணியாச்சு.

மெம்பர்ஷிப் கட்டாயம் என்பது உறுதி. ஆடாதவர்களுக்கு "சோஷியல்" வகை இருக்கிறதாம். அதையே எடுத்துக்கொள்ளலாமா?

#8 கலங்கல்

70 சென்டிமீட்டர் வண்டல். முழு மட்டத்திலேயே 1.6 என்றால் ஏரி அரை மீட்டர் இறங்கினாலே மோட்டார் சேற்றைக் கலக்கும். ஏரியின் கடந்த பத்து வருட மட்ட அட்டவணையை எடுத்து, வருடத்தில் எத்தனை மாதம் அரை மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது என்று எண்ணுங்கள். அத்தனை மாதம் இது படகுத்துறை அல்ல, உட்காரும் மேடை.

#9 வில்லங்கம்பார்

சோஷியல் வகை வீட்டின் பத்திரத்திலேயே அனுமதிக்கப்பட்டதா, கிளப் இப்போதைக்குத் தரும் சலுகையா என்று பாருங்கள். சில குடியிருப்புகளில் குறிப்பிட்ட மனைகள் முழு கோல்ஃப் மெம்பர்ஷிப்போடு பிணைக்கப்பட்டிருக்கும், சோஷியலுக்கு இறங்க முடியாது.

கிளப்பிடம் கேட்க வேண்டிய தாள்கள்: கடைசி ஐந்து வருடத் தணிக்கைக் கணக்கு, கடன் விவரம், ரிசர்வ் நிதி (பெரிய பழுதுகளுக்கு ஒதுக்கும் பணம்) ஆய்வு, இரண்டு வருடக் குழுக்கூட்டக் குறிப்புகள், நடக்கும் வழக்குகள். இதில் கூட்டக் குறிப்புகளைத்தான் முதலில் படிக்கணும். கணக்கில் வராததெல்லாம் அங்கே புலம்பலாக வந்திருக்கும்.

சேர்க்கைக் கட்டணம் "திரும்பக் கிடைக்கும்" என்றால் எப்போது? பல கிளப்புகளில் விலகுபவர்கள் வரிசையில் நிற்கணும். புதிதாக இரண்டு மூன்று பேர் சேர்ந்தால்தான் வரிசையில் ஒருவருக்குப் பணம். வரிசை நீளம் 80 பேர் என்றால் உங்கள் பேரன் வாங்குவான். மாதச் சந்தாவுக்கு மேல் சாப்பாட்டுக் குறைந்தபட்சத் தொகை (கிளப் உணவகத்தில் செலவழித்தே ஆகவேண்டிய தொகை), மூலதனக் கட்டணம், வீட்டை விற்கும்போது பெயர்மாற்றக் கட்டணம், இவை தனித்தனி. வீடு காலியாக விற்பனைக்குக் கிடக்கும் மாதங்களிலும் சந்தா ஓடும்.

#10 கணக்கப்பிள்ளை

கட்டாய மெம்பர்ஷிப்பை எல்லோரும் பூதமாகக் காட்டுவது சரியில்லை. விருப்பத் தேர்வாக இருக்கும் கிளப்புதான் சீக்கிரம் சாயும். 300 பேர் சுமக்கும் நிலைச்செலவை 250 பேர் சுமந்தால் ஆளுக்கு 20 சதவீதம் கூடும். கூடியதும் இன்னும் 30 பேர் விலகுவார்கள். மிச்சம் 220 பேர், முதலில் இருந்ததைவிட 36 சதவீதம் அதிகம். கட்டாயம் என்றால் இந்தச் சரிவு நடக்காது. யானையைக் கட்டித் தீனி போடும் வேலைதான், ஆனால் தெரு முழுக்கச் சேர்ந்து போடுகிறது.

#11 புல்வெட்டி

யானைக்கு வயது என்ன என்று கேளுங்கள் கணக்கப்பிள்ளை. அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் சங்கம் போட்டிருக்கும் ஆயுள் கணக்குப்படி கிரீன் 15 முதல் 30 வருடம், நீர்ப்பாசன அமைப்பு 10 முதல் 30, பங்கர் (மணற்பள்ளம்) மணல் 5 முதல் 7. மைதானம் திறந்து 25 வருடம் ஆகி, கிரீன்களை இன்னும் ஒருமுறைகூடப் புதுப்பிக்கவில்லை என்றால் எல்லாம் ஒன்றாகக் காலாவதி ஆகும். ரிசர்வில் பணம் இல்லையென்றால் சிறப்பு வசூல். கட்டாய மெம்பர்ஷிப்பில் அதிலிருந்தும் தப்ப முடியாது. அந்த வருடம் பாதி மைதானம் மூடிக் கிடக்கும், சந்தா குறையாது.

பாசனத் தண்ணீர் எங்கிருந்து என்றும் கேளுங்கள். உங்கள் ஏரிக்கிளையிலேயே பம்ப் உறிஞ்சுகுழாய் இருந்தால் கோடையில் மட்டம் இறங்க அதுவும் ஒரு காரணம்.

#12 மின்சாரம்

படகுத்துறையில் விளக்கு, படகுத் தூக்கி, பிளக் பாயின்ட் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நன்னீரை விட மனித உடம்பு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். கசிவு மின்சாரம் தண்ணீரில் பரவியிருந்தால் நீந்துபவரின் உடம்பு வழியாகப் போகும், தசை இறுகி நீந்த முடியாமல் மூழ்குவார். பார்ப்பவர்களுக்குச் சாதாரணமாக மூழ்கியது மாதிரிதான் தெரியும்.

எலெக்ட்ரீஷியனிடம் துறைக்குப் போகும் கேபிளை முழுசாக, எல்லாக் கம்பியும் உள்ளே வரும்படி, கிளாம்ப் மீட்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஓடும்போதும் பூஜ்யம் காட்டணும். ஏதாவது எண் காட்டினால் அவ்வளவு மின்சாரம் வேறு வழியில் திரும்புகிறது. கரையிலிருந்து கிளம்பும் இடத்திலேயே 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு இருக்கணும். அது இல்லையென்றால் சாவி வாங்கிய அன்றே துறைக்குப் போகும் சப்ளையை அணைத்துவிடுங்கள். மின்சாரம் உள்ள துறையைச் சுற்றி நீந்தாமல் இருப்பதுதான் நல்லது, காப்பு இருந்தாலும்.

#13 கலங்கல்

ஒன்றை விட்டுவிட்டேன். மைதானத்து உரம் ஏரிக்குத்தான் வடியும். நன்னீரில் பாசி பெருகுவதைப் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் தீர்மானிக்கும். கோடைக் கடைசியில் பச்சை பெயின்டைக் கொட்டின மாதிரி மேலே படலம் நின்றால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், சில வகை நச்சு சுரக்கும், நாய் குடித்தால் செத்துப்போகும். கரையோரம் வெட்டாத புல், நாணல் வரிசை விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தண்ணீர் வரைக்கும் வழித்துவைத்த கரை பார்க்க அழகு, ஆனால் உரமும் நேராக இறங்கும், வாத்துக் கூட்டமும் ஏறிவந்து எச்சம் போடும். கடந்த மூன்று கோடைகளின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கேளுங்கள்.

#14 நீர்முள்ளி

ஒப்பந்தத்தில் என்னென்ன நிபந்தனை போடலாம்? முகவர் வேகப்படுத்துகிறார்.

#15 வில்லங்கம்பார்

வேகப்படுத்துவது அவர் வேலை. முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையோடு நாலு நிபந்தனை போடுங்கள்: துறை அனுமதி உங்கள் பெயரில் கிடைக்கணும். வெள்ளக் காப்பீட்டுக்கு எழுத்தில் விலைப்புள்ளி வரணும், சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் பெரும்பாலும் சேராது. சோஷியல் வகைக்கு இந்த மனை தகுதி என்று கிளப் கையெழுத்திட்ட கடிதம். கிளப், சங்கம் இரண்டின் கணக்கும் கூட்டக் குறிப்பும் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும் ஆய்வுக் காலம், ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல. தாள்களைப் பத்தாம் நாள் கொடுத்துவிட்டு 14 நாள் முடிந்தது என்பார்கள்.

விற்பவர் மேல் நிலுவைச் சந்தா இருந்தால் அது வீட்டின் மேலேயே ஏறியிருக்கலாம். நிலுவையில்லாச் சான்று சங்கத்திடம் ஒன்று, கிளப்பிடம் ஒன்று, தனித்தனியாக.

#16 ஒன்பதாம்குழி

ஏழு பள்ளம் எண்ணினீர்களே, அவை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்? எல்லாம் மாடி உயரத்தில் என்றால் கீழே உட்காரும் இடத்துக்கு ஒரு பந்தல் போதலாம். இடுப்பு உயரத்தில் இருந்தால் பந்து தாழ்வாகப் பறந்தே வருகிறது, பந்தல் தடுக்காது. அந்தப் பக்கம் வலை கட்ட அனுமதி இல்லையென்றால் விலையில் பேசுங்கள், இல்லையா வேறு வீடு பாருங்கள்.